பாட்டி டீச்சரின் வாழ்க்கையை எழுதி வைக்க: வாசகர் கேள்வி பதில்

பள்ளிக்கூடத்தில் டீச்சராகவும் வீட்டில் பாட்டியாகவும் இருந்த ஒருவர் மறைந்தபின், அவர் வாழ்க்கையை எப்படித் தொகுத்து வைப்பது? இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதைத்தான் கேட்டிருந்தன. அதனால் இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

எங்கள் அப்பத்தா ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 34 ஆண்டு வேலை பார்த்தவர். காலமாகி மூன்று வாரம் ஆகிறது. முதலாமாண்டு நினைவு நாளுக்குள் ஒரு நினைவு மலர் போட நினைக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது? – வாசகி, உசிலம்பட்டி

முதலில் வீட்டை ஒழிப்பதை நிறுத்துங்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பீரோவைக் காலி செய்வார்கள். பழைய பேப்பர்காரரிடம் போகிற கட்டில்தான் ஒரு டீச்சரின் பாதி வாழ்க்கை இருக்கும். பாடக்குறிப்பு நோட்டு, மாறுதல் ஆணை, சம்பளச் சீட்டு, சங்க உறுப்பினர் சீட்டு, பிரிவு உபசார விழாவில் வாசித்துக் கொடுத்த வாழ்த்து மடல், தேர்தல் பணி ஆணை, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போனதற்கான தாள் என்று எது கிடைத்தாலும் ஒரே பெட்டியில் போட்டு வையுங்கள். பிரித்து அடுக்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கல்யாணப் பத்திரிகைகளைத் திருப்பிப் பாருங்கள். வெற்றுப் பின்பக்கத்தில் வீட்டுக் கணக்கு எழுதுவது அந்தத் தலைமுறையின் பழக்கம். பத்திரிகையில் தேதி அச்சாகியிருப்பதால் அந்தக் கணக்குக்கும் ஏறக்குறைய ஒரு காலம் கிடைத்துவிடுகிறது.

அடுத்தது பணிப்பதிவேடு, அதாவது எஸ்.ஆர். அப்பத்தாவிடம் நகல் இல்லையென்றால், கடைசியாக வேலை பார்த்த ஒன்றியத்தின் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் வாரிசு என்ற முறையில் எழுத்து மூலம் கேளுங்கள். பெயர், பிறந்த தேதி, பணியில் சேர்ந்த நாள், ஓய்வு பெற்ற நாள், கடைசிப் பள்ளி ஆகிய ஐந்தும் மனுவில் இருக்கட்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று நகல்களையும் இணையுங்கள். பதிவேட்டின் முதல் பக்கத்தில் கல்வித்தகுதியும் அங்க அடையாளமும் கையெழுத்தும் இருக்கும். உள்ளே நியமனம், மாறுதல், ஊதிய உயர்வு, விடுப்பு எல்லாம் தேதிவாரியாக வரும். விடுப்புப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். மகப்பேறு விடுப்பு எந்த மாதம், அதன்பின் எத்தனை நாளில் பள்ளிக்குத் திரும்பினார் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. கைக்குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு எத்தனை மைல் போனார் என்று உங்கள் அத்தையிடம் கேட்க அந்த ஒரு வரி போதும்.

படிக்கும்போது இரண்டு இடத்தில் தடுமாறலாம். ஒன்று, கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரின் முதலெழுத்து, பின் கணவர் பெயரின் முதலெழுத்து. இதனால் ஒரே ஆள் இரண்டு பேராகத் தெரியும். இரண்டு, 1981 ஜூன் 1 முதல்தான் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். அந்தத் தேதியில் ஒரு பதிவு இருந்தால் அதைப் புதிய வேலை என்று எழுதிவிடாதீர்கள். ‘ஹையர் கிரேடு’ என்றால் எட்டாம் வகுப்பு இ.எஸ்.எல்.சி. முடித்துப் பயிற்சி பெற்றவர். ‘செகண்டரி கிரேடு’ என்றால் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துப் பயிற்சி பெற்றவர். அந்த எஸ்.எஸ்.எல்.சி. பதினோராம் வகுப்பு. பத்தாம் வகுப்பு என்று மாற்றி எழுதினால் கணக்கு ஓராண்டு உதைக்கும்.

பிறகு நீளமான நோட்டு ஒன்றில் ஆண்டுக்கு ஒரு வரி போடுங்கள். ஆண்டு, பள்ளி, எடுத்த வகுப்பு, வீட்டில் நடந்தது, எதை வைத்துச் சொல்கிறோம் என்று ஐந்து பத்தி. காலியாக நிற்கும் வரிகளே நீங்கள் யாரிடம் போய் என்ன கேட்க வேண்டும் என்று காட்டிவிடும். கேட்கப் போகும்போது வயதில் மூத்தவர், உடம்பு முடியாதவர் என்ற வரிசையில் போங்கள். அப்பத்தாவின் தங்கை, கூட வேலை பார்த்த டீச்சர்கள், பள்ளிக்கு எதிரே கடை வைத்திருந்தவர் ஆகியோர் முதலில். சொந்தப் பிள்ளைகள் கடைசியில் இருக்கட்டும். அவர்களுக்கு அம்மாவைத் தெரியும், டீச்சரை அவ்வளவாகத் தெரியாது.

அவர் தலைமையாசிரியையாக இருந்திருந்தால், அந்தப் பள்ளியின் மாணவர் சேர்க்கைப் பதிவேட்டில் அவர் கையெழுத்திலேயே பிள்ளைகளின் பெயர்கள் இருக்கும். இப்போதைய தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு ஒரு பக்கத்தைப் படம் எடுக்கலாம். ஆனால் அதை அப்படியே மலரில் போடக் கூடாது. அந்தப் பக்கத்தில் சாதிப் பத்தியும் பெற்றோர் விவரமும் உண்டு. கையெழுத்து தெரியும்படி இரண்டு பெயர்களை மட்டும், உரியவர்களிடம் கேட்டுவிட்டு, வெட்டி எடுத்துப் போடுங்கள்.

ஆச்சிக்கு ஜாதகத்தில் ஒரு பிறந்த நாள், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் வேறு ஒன்று. எதைப் போடுவது? – வாசகர், அம்பாசமுத்திரம்

இரண்டையும் போடுங்கள். எது எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுங்கள்.

பள்ளிப் பதிவில் ஜூன் மாதத் தேதி இருந்தால் அது பெரும்பாலும் சேர்க்கைக்காக எழுதப்பட்டது. வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது என்று கணக்கு வைத்துச் சேர்த்த காலம் அது. ஓய்வு பெற்றதும் ஓய்வூதியமும் அந்தத் தேதியை ஒட்டியே நடந்திருக்கும். உதாரணமாக 1-6-1941 என்று பதிவாகியிருந்தால், 58 வயதுக் கணக்கில் 31-5-1999 அன்று ஓய்வு. ஆகவே பணி வாழ்க்கையை எழுதும்போது பள்ளித் தேதியையும், ‘பிறந்தார்’ என்று எழுதுமிடத்தில் ஜாதகத் தேதியையும் கொள்வது முறை.

ஜாதகத்தை ஆங்கிலத் தேதிக்கு மாற்றுவதில்தான் பிழைகள் அதிகம். தமிழ் வருடம் சித்திரையில் தொடங்குகிறது. சித்திரபானு வருடம் என்றால் 1942 ஏப்ரல் நடுவிலிருந்து 1943 ஏப்ரல் நடு வரை. ‘சித்திரபானு, தை 10’ என்றால் 1943 ஜனவரி 23 வாக்கில் வரும். 1942 என்று எழுதுவது வழக்கமான தவறு. மார்கழிக் கடைசியும் தை, மாசி, பங்குனியும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழுகின்றன என்பதை நினைவில் வைத்தால் போதும். அறுபது ஆண்டு கழித்து அதே பெயர் திரும்பி வரும். 2002–03கூடச் சித்திரபானுதான்.

ஜாதக நோட்டில் ௵ என்றிருந்தால் வருடம், ௴ மாதம், ௳ நாள். எண்கள் தமிழிலிருந்தால் ௧ (1) ‘க’ போலவும், ௨ (2) ‘உ’ போலவும், ௮ (8) ‘அ’ போலவும் தெரியும். எழுத்து என்று நினைத்து விட்டுவிடுவார்கள். இன்னொன்றும் உண்டு. பஞ்சாங்கத்தில் நாள் தொடங்குவது சூரிய உதயத்தில். விடியற்காலை மூன்று மணிக்குப் பிறந்தவருக்கு ஜாதகத்தில் முந்தின நாள் கிழமை எழுதியிருக்கும். ஆங்கிலத் தேதியோ நள்ளிரவிலேயே மாறியிருக்கும். ஒரு நாள் வித்தியாசம் வந்தால், பிறந்த நேரத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பாட்டியின் இளவயதுப் படம் ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் சட்டத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்னொன்று ஸ்டாம்பு அளவு. இவற்றைப் பெரிதாக்க முடியுமா? – வாசகி, பொள்ளாச்சி

கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பிய்க்கவே கூடாது. மழைக்கால ஈரத்தில் படத்தின் மேலிருக்கும் ஜெலட்டின் பூச்சு இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும், தாள்தான் கையில் மிஞ்சும். தண்ணீரில் ஊறவைத்தால் வந்துவிடும் என்று சொல்வார்கள். அதையும் வீட்டில் செய்ய வேண்டாம். சட்டத்தையும் பின்அட்டையையும் மட்டும் கழற்றி, கண்ணாடியோடு சேர்த்தே நகலெடுங்கள். மெலிந்த வகை ஸ்கேனர்களில் கண்ணாடித் தடிமனுக்கு அப்பால் இருக்கும் படம் மங்கலாக விழும். கொஞ்சம் கனமான பழைய வகை ஸ்கேனர் வைத்திருக்கும் ஸ்டூடியோவைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கேமராவால் எடுக்கலாம். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும், ஃபிளாஷ் வேண்டாம். கேமராவுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடிக்கச் சொன்னால் கண்ணாடியில் எதிரொளி விழாது.

சின்னப் படத்துக்குக் கணக்கு எளிது. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 3.5 × 4.5 செ.மீ. பாஸ்போர்ட் படத்தை 1200 புள்ளியில் ஸ்கேன் செய்தால் நான்கு மடங்கு, அதாவது 14 × 18 செ.மீ. வரை அச்சிடலாம். ஸ்டாம்பு அளவுப் படம் இன்னும் சிறியது. அதிலிருந்து கால் பக்கத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். அதற்குமேல் ஸ்கேனரின் எண்ணைக் கூட்டினாலும் படத்தில் இல்லாத விவரம் வந்துவிடாது. போஸ்ட்கார்டு அளவுக் குழுப் படத்துக்கு 600 போதும். ஸ்கேன் செய்த மூலத்தை ‘டிஃப்’ கோப்பாக ஒன்று வைத்துக்கொண்டு, திருத்தங்களை அதன் நகலில் செய்யுங்கள். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

செயலிகளில் ஒரு தட்டில் முகத்தைத் ‘தெளிவாக்கும்’ வசதி வந்திருக்கிறது. மலருக்கு அதைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். அது தெளிவாக்குவதில்லை. இல்லாத கண்ணையும் பல்லையும் தானே வரைந்து சேர்க்கிறது. பேரப்பிள்ளைகள் கையில் கடைசியில் மிஞ்சுவது வேறொரு பெண்ணின் முகமாக இருக்கும். கீறலையும் கறையையும் நீக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வகுப்புப் படம் கிடைத்தால் உடனே பெயர்களைக் குறித்துவிடுங்கள். அமர்ந்திருப்பவர்கள், நிற்பவர்கள் முதல் வரிசை, இரண்டாம் வரிசை என இடமிருந்து வலமாக எழுதுங்கள். தெரியாதவருக்குக் கோடு போட்டு இடம் விடுங்கள். படத்தின் முதுகில் பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும். மிருதுவான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள்.

பாட்டியிடம் படித்தவர்களுக்கு வாட்ஸப் குழு தொடங்கி நினைவுகளைக் கேட்டோம். நாற்பது பேர் எழுதினார்கள். எல்லாமே ‘அன்பின் வடிவம், கருணையின் கடல்’ என்றுதான் இருக்கிறது. இரண்டு பேர் மட்டும் பிரம்படியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அதைப் போடலாமா? – வாசகர், ஆத்தூர்

‘டீச்சரைப் பற்றி எழுதுங்கள்’ என்று கேட்டால் புகழுரைதான் வரும். மேடையில் பேசுவதுபோல எழுத வேண்டும் என்று அவர்கள் நினைத்துவிடுகிறார்கள். கேள்வியைச் சின்னதாக்குங்கள். எந்த வருடம், எந்த வகுப்பு, யார் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்? சிலேட்டுக் குச்சி கொண்டுவராதவரை டீச்சர் என்ன செய்வார்? கரும்பலகையில் முதலில் எதை எழுதுவார்? அவர் பையில் என்னென்ன இருக்கும்? மதியம் எங்கே சாப்பிடுவார், யாரோடு? வாய்பாட்டை எப்படிச் சொல்ல வைத்தார்? பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டுக்குப் போவாரா? ஒருவருக்கு மூன்று கேள்விக்கு மேல் அனுப்பாதீர்கள். எழுத்தில் வேண்டாம், குரலில் சொல்லுங்கள் என்று கேட்டால் இன்னும் நன்றாக வரும். பேசுகிறபோது ‘கருணைக் கடல்’ யாருக்கும் வாயில் வராது.

வந்ததை ஆண்டுப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். 1975இல் மூன்றாம் வகுப்பு எடுத்தார் என்று ஒருவர் சொல்ல, பதிவேடு அந்த ஆண்டு அவரை வேறு ஊரில் காட்டலாம். நினைவு பொய் என்று ஒதுக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் ஆண்டு ஒன்றிரண்டு தள்ளியிருக்கும். மதிய உணவை வைத்துச் சரிபார்க்கலாம். காமராஜர் காலத்துத் திட்டம் 1956இல் தொடங்கியது, எம்.ஜி.ஆர். காலத்துச் சத்துணவு 1982 ஜூலையில் வந்தது. ‘சத்துணவு வந்த வருஷம் நான் நாலாப்பு’ என்று ஒருவர் சொன்னால் அது நம்பகமான தேதி.

பிரம்பு பற்றி: போடுங்கள். அந்தக் காலத்தில் பிரம்பு பெரும்பாலான வகுப்பறைகளில் இருந்தது. பள்ளிகளில் உடல்தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டம் 2009 தடை செய்துவிட்டது. இன்று அடி வாங்காமல் படிக்கும் பேத்தி, பாட்டியின் வகுப்பு எப்படி இருந்தது என்று உள்ளபடி தெரிந்துகொள்ளட்டும். ஆனால் ‘அடித்தாலும் எங்கள் நன்மைக்கே’ என்ற வரியை நீங்களாகச் சேர்க்காதீர்கள். எழுதியவர் அப்படிச் சொல்லியிருந்தால் இருக்கட்டும். வலித்தது என்று சொல்லியிருந்தால் அதுவும் இருக்கட்டும். யாரையாவது ஊர் பார்க்கப் புண்படுத்தும் அளவுக்கு இருந்தால், எழுதியவரையே கூப்பிட்டுப் பேசி, பெயரில்லாமல் போடலாமா என்று கேளுங்கள். கண்டிப்பு முழுவதையும் வெட்டிவிட்டால் அவரிடம் படித்தவர்கள் மலரைப் பிரித்ததுமே, இது நம்ம டீச்சர் இல்லையே என்று மூடிவிடுவார்கள்.

அம்மம்மா யாழ்ப்பாணத்தில் படிப்பித்தவ. போன கிழமை ரொறன்ரோவில் மோசம் போயிட்டா. 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு (நினைவு மலர்) அடிக்க வேணும். பிள்ளைகள் நாலு நாட்டில். காலம் காணுமோ (போதுமோ)? – வாசகி, ரொறன்ரோ

காணும், ஆனால் இன்றே ஒருவரைத் தொகுப்பாளராக வையுங்கள். நாலு நாட்டிலிருந்தும் ஆளுக்கொரு திருத்தம் வந்தால் மலர் அச்சுக்குப் போகாது. குருக்களிடம் அந்தியேட்டி (31ஆம் நாள் கிரியை) தேதியை உறுதி செய்துகொண்டு, அதற்குப் பத்து நாள் முன் எழுத்து வேலை முடிந்துவிட வேண்டும் என்று நாள் குறியுங்கள்.

திதியில்தான் கவனம் வேண்டும். கோடைகாலத்தில் ரொறன்ரோவை விட யாழ்ப்பாணம் ஒன்பதரை மணி நேரம் முன்னால் இருக்கிறது, குளிர்காலத்தில் பத்தரை மணி. கோடையில் அங்கே இரவு 8 மணி என்றால் ஊரில் மறுநாள் விடியற்காலை 5.30. கனடாத் தேதியை வைத்து ஊர்ப் பஞ்சாங்கத்தைப் புரட்டினால் திதி தவறிவிடும். ரொறன்ரோவுக்குக் கணித்த பஞ்சாங்கத்தைப் பாருங்கள். திதி வெண்பா (இறந்த திதியைச் சொல்லும் பாட்டு) எழுதுபவரிடம் தமிழ் வருடம், மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை), திதி, அம்மம்மாவின் பெயர், ஊர் ஆகியவற்றைத் தாளில் எழுதியே கொடுங்கள். தொலைபேசியில் சொன்னால் தசமி சப்தமி ஆகிவிடும். வெண்பாவின் கடைசி அடி மூன்று சீர். நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒரு வாய்பாட்டில் முடிய வேண்டும். இடத்துக்காக அச்சகத்தில் ஒரு சொல்லை மாற்றினால் பா உடைந்துவிடும் என்று சொல்லி வையுங்கள்.

கல்வெட்டில் வழக்கமாகச் சேர்க்கும் பஞ்சபுராணமும் சிவபுராணமும் ஏற்கனவே தட்டச்சில் கிடைக்கும். மெய்ப்பு மட்டும் பாருங்கள். உங்கள் உழைப்பு வாழ்க்கை வரலாற்றில் இருக்கட்டும். ‘நல்லாசிரியராய்த் திகழ்ந்தார்’ என்ற ஒரு வரியோடு முப்பது ஆண்டு ஆசிரியப் பணி முடிந்துபோன கல்வெட்டுகள் நிறைய. எந்தக் கலாசாலையில் பயிற்சி பெற்றா, கோப்பாயா பலாலியா, எந்த ஆண்டு வெளியேறினா? முதல் நியமனம் எங்கே? 1960–61இல் உதவி பெற்ற பள்ளிகளை அரசு பொறுப்பேற்றபோது அவவின் பள்ளிக்கு என்ன ஆனது? 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது எதைக் கையில் எடுத்துக்கொண்டு போனா? சான்றிதழ்கள் அந்த நாட்களில் தொலைந்திருந்தால், வலயக் கல்வி அலுவலகத்தில் சுயவிபரக் கோவையையும் (அவவின் பணிக் கோப்பு), பள்ளியின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தையும் (பள்ளி நிகழ்வுகளைக் குறிக்கும் ஏடு) ஊரிலுள்ள உறவினர் மூலம் விசாரிக்கலாம். ஆனால் அது 31 நாளுக்குள் நடக்காது. இப்போது நினைவிலிருப்பதை எழுதுங்கள். கிடைப்பதை ஆண்டுத் திவசத்தில் சேர்க்கலாம்.

வம்சாவளியில் சிறு பிள்ளைகளின் பிறந்த தேதியைப் போடாதீர்கள், பெயர் போதும். பிரிந்துபோன மருமக்கள் பெயரைப் போடுவதா விடுவதா என்பதை அந்தக் குடும்பத்திடமே கேளுங்கள். அச்சான பின் நூலகம் நிறுவனத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். அவர்களுடைய இணைய நூலகம் நினைவு மலர்களையும் சேர்த்து வைக்கிறது. ஊரின் கல்வி வரலாற்றை எழுதுபவர்கள் பின்னாளில் தேடி வருவது இவற்றைத்தான்.

எத்தனை பக்கம், என்ன தாள், எத்தனை பிரதி? – வாசகர், விருதுநகர்

டெமி 1/8 அளவு (ஏறக்குறைய 14 × 21.5 செ.மீ.) கைக்கு அடக்கம். நடுவில் பின் அடிப்பதாக இருந்தால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 30 பக்கம் எழுதிக்கொண்டு போனால் இரண்டு பக்கம் காலியாக நிற்கும். 32 என்று திட்டமிடுங்கள். 11 புள்ளி எழுத்தில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 200 சொல் பிடிக்கும். படங்களுக்கு எட்டுப் பக்கம் விட்டால் எழுத்துக்கு 4,500 சொல்லுக்கு மேல் இடமில்லை. உள்தாள் 80 ஜி.எஸ்.எம். (தாளின் கனம், சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) மேப்லித்தோ, படப் பக்கங்களுக்கு 130 ஜி.எஸ்.எம். ஆர்ட் பேப்பர், அட்டைக்கு 250 அல்லது 300 ஜி.எஸ்.எம். போர்டு. 200, 300 பிரதி என்றால் டிஜிட்டல் அச்சு கட்டுப்படியாகும். 500க்கு மேல் போனால் ஆஃப்செட்.

பிழை பெரும்பாலும் எழுத்துரு மாற்றத்தில் வருகிறது. நீங்கள் போனில் யூனிகோடில் தட்டியிருப்பீர்கள். டி.டி.பி. செய்பவர் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார். அப்போது ‘ஸ்ரீ’, ‘ஔ’, கொம்பும் காலும் சேர்ந்த ‘ொ’, ‘ோ’ இவை உடையும், வடிவம் மாறும். திரையில் பார்த்துச் சம்மதிக்காதீர்கள். தாளில் அச்செடுத்து, பெயர்களை மட்டும் தனியாக ஒரு முறை படியுங்கள், அந்தந்தக் குடும்பத்தில் ஒருவரைக் கொண்டு. ஆதார், ஓய்வூதிய எண் தெரியும் ஆவணப் படம் ஏதும் மலரில் வந்துவிடக் கூடாது.

அம்மாச்சியின் குரல் வாட்ஸப்பில் மட்டும்தான் இருக்கிறது. – வாசகி, தஞ்சாவூர்

உடனே எடுத்துவிடுங்கள். உங்கள் போனில் அவர் அனுப்பிய ஒவ்வொரு குரல் பதிவையும் அழுத்திப் பிடித்து, ‘பகிர்’ வழியாக டிரைவிலோ கணினியிலோ சேமியுங்கள். கோப்பின் பெயரில் தேதியையும் என்ன பேசினார் என்பதையும் எழுதுங்கள். அவருடைய போனில் இருப்பவற்றுக்கு அவசரம் இன்னும் அதிகம். மாதக்கணக்கில் பயன்படுத்தாத ப்ரீபெய்டு எண் துண்டிக்கப்பட்டு வேறொருவருக்குப் போய்விடும். 120 நாள் இயங்காத வாட்ஸப் கணக்கும் பொதுவாக நீக்கப்படும். எல்லாம் எடுத்து முடியும்வரை அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்து வையுங்கள். ‘சாப்டியா, குடை எடுத்துட்டுப் போ’ என்று மட்டும் இருக்கும் பதிவுகளை அழித்துவிடாதீர்கள். பேரப்பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கப்போவது அவற்றைத்தான்.

பாட்டி பெயரில் அவர் படிப்பித்த அரசுப் பள்ளியில் பரிசு வைக்க ஒரு லட்சம் ஒதுக்கியிருக்கிறோம். – வாசகர், திருவண்ணாமலை

ஆறரை சதவீத வட்டி என்று கொண்டால் ஆண்டுக்கு 6,500 ரூபாய் வரும். மெடலும் மேடையும் வைத்தால் அதிலேயே தீர்ந்துபோகும். பத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகமாகக் கொடுத்தால் ஆளுக்கு 650 ரூபாய்க்கு நல்ல நூல்கள் கிடைக்கும். முதல் மதிப்பெண்ணுக்குக் கொடுப்பதா என்று யோசியுங்கள். தொடக்கப் பள்ளியில் நாள் தவறாமல் வந்தவர், படிப்பில் நின்றுபோய்த் திரும்பி வந்தவர் என்று வைத்தால் டீச்சரின் வேலைக்குப் பொருத்தமாக இருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

வைப்புத்தொகை எந்தத் தலைமையாசிரியரின் சொந்தப் பெயரிலும் வேண்டாம். அவர் மாறுதலில் போனதும் ரசீது பீரோவில் தூங்கும், வட்டியை எடுக்க ஆளிருக்காது. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, பதவிப் பெயரில் கணக்கு இருக்கட்டும். நகல் உங்களிடமும் வட்டாரக் கல்வி அலுவலகத்திலும் இருக்கட்டும். என்றைக்குக் கொடுப்பது, எத்தனை பேருக்கு, வட்டி குறைந்தால் என்ன செய்வது என்ற மூன்றையும் தீர்மானத்திலேயே எழுதுங்கள். பொருளாகவோ கட்டடமாகவோ கொடுப்பதாக இருந்தால், 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் வழியாகவும் கொடுக்கலாம்.

பாட்டியின் சமையல் நோட்டும் மலரில் சேர வேண்டும். ஆழாக்கு, பலம் என்று எழுதியிருக்கிறார். – வாசகி, கும்பகோணம்

நல்ல யோசனை. பலம் என்றால் சுமார் 35 கிராம், 40 பலம் ஒரு வீசை (1.4 கிலோ). ஆழாக்கு இரண்டு ஓர் உழக்கு, எட்டு ஒரு படி. ஆனால் படி ஊருக்கு ஊர் மாறும், அதனால் புத்தகக் கணக்கை நம்பாதீர்கள். பாட்டி புழங்கிய ஆழாக்கு வீட்டில் இருந்தால் அதில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி எடை போடுங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லி. பிறகு அதே ஆழாக்கால் அரிசியும் உளுந்தும் தலைதட்டித் தனித்தனியே அளந்து நிறுத்துங்கள், இரண்டின் எடையும் வேறு. ‘ஒரு கை உப்பு’ என்றிருந்தால், அவர் கைப்பக்குவம் தெரிந்த மகளையோ மருமகளையோ மூன்று முறை அள்ளிப் போடச் சொல்லி, சராசரியை எடுங்கள். நோட்டின் மூலவரியை அப்படியே வைத்து, கிராமை அடைப்புக்குறிக்குள் போடுங்கள்.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் எழுதியது என்றால் ‘லை’, ‘ளை’, ‘னை’, ‘ணை’ எல்லாம் யானைத் தும்பிக்கைபோலச் சுழித்த பழைய வடிவில் இருக்கும். தட்டச்சு செய்பவர் இளையவராக இருந்தால் முதல் பக்கத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். நோட்டின் ஒரு பக்கத்தை, எண்ணெய்க் கறையோடு, படமாகவே மலரில் வையுங்கள்.